காது ஜவ்வு ஆபரேஷன்: தனியாரில் விசாரித்ததும் அரசு மருத்துவமனையில் செய்துகொண்டதும்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். காது ஜவ்வில் ஓட்டை, வருஷக்கணக்கில் சீழ், ஒரு பக்கம் மந்தம் என்று இருப்பவர்கள் டிம்பனோபிளாஸ்டி, அதாவது ஜவ்வின் ஓட்டையை ஒட்டுப்போட்டு மூடுகிற ஆபரேஷன், செய்துகொள்ளலாமா என்றால், தாராளமாகச் செய்துகொள்ளலாம், என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. எங்கே செய்துகொள்வது என்பதில்தான் நிதானம் வேண்டும். விளம்பரங்களில் வருகிற கேமரா, தழும்பு இல்லாத ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். கத்தியை எடுப்பதற்கு முன்னால் காதை எவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறார்கள், ஆபரேஷன் முடிந்து பஞ்சு எடுத்த பிறகு நம்மை ஞாபகம் வைத்திருக்கிறார்களா, இந்த இரண்டை வைத்துத்தான் நான் மார்க் போடுகிறேன்.

எனக்கு இடது காது. பள்ளிக்கூட வயசிலிருந்தே சளி பிடித்தால் ஒழுகும், பிறகு தானாக நிற்கும், மறுபடி ஆற்றிலோ கிணற்றிலோ குளித்தால் ஆரம்பிக்கும். வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து, பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போவது என்று ஓடிக்கொண்டிருந்தது. இதில் மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: ஜென்டாமைசின் மாதிரி மருந்து கலந்த சில சொட்டுகள், ஜவ்வில் ஓட்டை இருந்தால் நடுக்காது வழியாக உள்காதுக்குப் போய்க் கேட்கும் நரம்பு செல்களையே பாதிக்கக்கூடும். ஓட்டை இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு எழுதித் தருவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் சீழில் அடிக்கடி காணப்படுகிற சூடோமோனாஸ் கிருமிக்கும் அது வேலை செய்யும். கடைக்காரரிடம் "காதுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் பாட்டிலின் லேபிளையாவது ஒரு தரம் படியுங்கள்.

ஜவ்வு என்பது சுமார் ஒன்பது, பத்து மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான். ஆனால் அதில் மூன்று அடுக்கு இருக்கிறது: வெளியே தோல், நடுவில் நார், உள்ளே சளிச்சவ்வு. அறை வாங்கியதாலோ பட்ஸ் குத்தியதாலோ புதிதாகக் கிழிந்த ஜவ்வு பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். எங்களை மாதிரி பழைய கேஸில் அது நடக்காது, ஏனென்றால் ஓட்டையின் விளிம்பில் வெளித்தோலும் உள்சவ்வும் ஒன்றோடொன்று ஒட்டி, ஆறிப்போன ஒரு வளையமாகிவிடுகிறது. உடம்பைப் பொறுத்தவரை அங்கே ஆற வேண்டிய புண்ணே இல்லை. அதனால்தான் ஆபரேஷனில் முதல் வேலையே அந்த விளிம்பைச் சுற்றிச் செதுக்கி மறுபடி புண்ணாக்குவது. இதை எனக்கு விளக்கிச் சொன்ன பிறகுதான் இத்தனை வருஷ எண்ணெயும் சொட்டு மருந்தும் ஏன் ஓட்டையை மூடவில்லை என்பது புரிந்தது.

முதலில் விசாரித்தது ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். வரவேற்பறை சுத்தம், டோக்கன் திரையில் வருகிறது, குடிக்கத் தண்ணீர், வசதிக்கு நல்ல மார்க் கொடுப்பேன். டாக்டர் எண்டோஸ்கோப்பைக் காதில் விட்டு டிவியில் ஓட்டையைக் காட்டினார். உண்மையில் அது நல்ல விஷயம், நம் காதின் உள்ளே நாமே பார்க்கிறோம். சிறுநீரக வடிவில் பெரிய ஓட்டை, அதற்குப் பின்னால் ஈரமாக ரோஸ் நிறச் சவ்வு. அதற்கப்புறம் நடந்ததுதான் பிடிக்கவில்லை. காது ஒழுகிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாரத் தேதி, 75,000 ரூபாய் பேக்கேஜ், அட்வான்ஸ் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கவுண்டர் பெண் கேட்கிறார். ட்யூனிங் ஃபோர்க் (தட்டினால் ஒலிக்கிற உலோகக் கவை) வைத்துப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்க்கவில்லை, அடுத்த காதைக்கூடப் பார்க்கவில்லை. ஆடியோகிராம் (எவ்வளவு கேட்கிறது என்று அளந்து கோடாகப் போடுகிற சோதனை) எடுத்தார்கள், சரி, ஆனால் அதைக் கையில் கொடுத்து "மைல்டு டு மாடரேட்" என்பதோடு முடித்துவிட்டார்கள். "ஆபரேஷன் பண்ணா நூறு சதவீதம் கேக்கும்" என்று சொன்னது டாக்டர் அல்ல, பேக்கேஜ் பேசுகிற ஆள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எழுந்து வந்துவிட்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், ஈரக் காதிலும் ஆபரேஷன் செய்து நல்ல பலன் காட்டுகிற சர்ஜன்கள் உண்டு, அது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அப்படிச் செய்கிறவர் ஏன் செய்கிறார் என்று சொல்ல வேண்டும் இல்லையா, கவுண்டரில் தேதி காலியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குச் சொல்லப்படவில்லை.

பிறகு போனது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, டெல்டா பக்கம். இங்கேயும் குறை சொல்லப்போகிறேன் என்பதால் இதற்கும் பெயர் வேண்டாம். ஓ.பி. சீட்டுக்கு வரிசை, இ.என்.டி. அறைக்கு வெளியே வரிசை, ஆடியோகிராம் அறைக்கு வெளியே தனி வரிசை. மின்விசிறி ஓடுகிற பெஞ்சுக்குச் சண்டை. காலை எட்டு மணிக்கு முன்பே போனால்தான் மதியத்துக்குள் வெளியே வரலாம். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த பி.ஜி. (மேற்படிப்பு படிக்கிற) டாக்டர் அம்மா, வயது என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும், என் காதுக்குக் கொடுத்த நேரத்தைத் தனியாரில் யாரும் கொடுக்கவில்லை.

ட்யூனிங் ஃபோர்க் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. 512 ஹெர்ட்ஸ் கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, "இப்ப எந்தக் காதுல சத்தமா கேக்குது?" என்றார். கெட்டுப்போன இடது காதில்தான் அதிகமாகக் கேட்டது! நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று மறுபடி வைக்கச் சொன்னேன், மறுபடியும் இடதுதான். அவர் சிரித்துவிட்டு, அதுதான் நல்ல சேதி என்றார். ஜவ்விலோ சின்ன எலும்புகளிலோ மட்டும் கோளாறு என்றால், எலும்பு வழியாகப் போகிற சத்தம் அந்தப் பக்கமே தூக்கலாகக் கேட்கும். நரம்பு கெட்டிருந்தால் நல்ல காதுப் பக்கம் போய்விடும். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு தரம், காதுக்கு முன்னால் ஒரு தரம் வைத்துப் பார்த்தார், எலும்பில்தான் நன்றாகக் கேட்டது. ஆடியோகிராமிலும் அதேதான்: காற்று வழிக் கோடு கீழே, எலும்பு வழிக் கோடு மேலே, நடுவில் 30 டெசிபல் இடைவெளி. ஆபரேஷனால் குறைக்க முடிவது அந்த இடைவெளியை மட்டும்தான், எலும்பு வழிக் கோடே கீழே கிடந்தால் ஜவ்வை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் அது மேலே வராது. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு கோடுகளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தெரியாத, அல்லது காட்ட நேரமில்லாத இடத்தில் "நல்லா கேக்குமா" என்ற கேள்விக்குச் சரியான பதிலும் கிடைக்காது.

மூக்கையும் தொண்டையையும் பார்த்தார்கள். நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேகியன் குழாய் அடைத்துக்கொண்டே இருந்தால் புது ஜவ்வும் நிலைக்காது, அதனால் அலர்ஜி, சைனஸ், குழந்தைகள் என்றால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வளர்கிற சதை), எல்லாம் முதலில் சரியாக வேண்டும். எனக்கு அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே கொடுத்து, காதைச் சக்‌ஷன் போட்டுச் சுத்தம் செய்து, சொட்டு மருந்து எழுதி, தண்ணீர் படாமல் வைத்துக் காய்ந்த பிறகு வரச் சொன்னார்கள். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி வைத்துக்கொள்ள வேண்டும், வெறும் பஞ்சு வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சிக் காதுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வார்டில் பக்கத்துப் படுக்கை மணப்பாறைப் பக்கத்து அண்ணன். அவருக்கு வேறு வகை. என்னுடையது ஜவ்வின் இறுக்கமான பகுதியில் ஓட்டை, சளி மாதிரிச் சீழ், வாடை இல்லை, சேஃப் என்று பிரிக்கிறார்கள். அவருடையது கொஞ்சம்தான் ஒழுகும், ஆனால் நாற்றம், சில நேரம் ரத்தம். ஜவ்வின் மேல்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டு, அதற்குள் தோல் செதில்கள் சேர்ந்து கொலஸ்டியடோமா என்கிற பையாக வளர்ந்து எலும்பையே அரிக்கிற வகை. முகநரம்பு, உள்காது, மூளை உறை வரை போகக்கூடியது. "தம்பி, வலியே இல்லடா எனக்கு, நாத்தம் மட்டும்தான், அதான் விட்டுட்டேன்" என்றார். அவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து காதுக்குப் பின்னால் இருக்கிற மாஸ்டாய்டு எலும்பைத் திறக்கிற பெரிய ஆபரேஷன். ஆகவே இந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு நாற்றத்தோடு ஒழுகுகிற காதுக்கு "ஜவ்வு ஒட்டினால் போதும்" என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம், தலைசுற்றலோ முகம் கோணுவதோ சேர்ந்து இருந்தால் ஓ.பி. வரிசையில்கூட நிற்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சரி, ஆபரேஷன். எனக்கு லோக்கல் அனஸ்தீசியாதான், கூடவே மயக்கமாக இருக்க ஒரு ஊசி. காதைச் சுற்றிப் போடுகிற ஊசிகள் நிச்சயம் வலிக்கும், குறிப்பாகக் காதுக் குழாய்க்குள் போடுவது. அதற்கப்புறம் வலியைவிடச் சத்தம்தான். சக்‌ஷன் குழாய் காதுக்குள் போகும்போது வருகிற இரைச்சல் தாங்க முடியாத அளவுக்கு இருந்தது, ஒரு தரம் தலையும் சுற்றியது, சொன்னவுடன் நிறுத்தினார்கள். காதுக்குப் பின்னால் வெட்டி, மேலே பொட்டுப் பகுதித் தசையை மூடியிருக்கிற உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரப்பிக் காயவைக்கிறார்கள். பிறகு கேட்டபோது அது காய்ந்தால் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடும், அப்போதுதான் மடங்காமல் உள்ளே வைக்க வரும் என்றார்கள். அதை ஜவ்வின் உட்புறமாக ஓட்டைக்கு அடியில் விரித்து, கீழே தாங்கலாகக் கரைந்துபோகிற ஜெல்ஃபோம் துண்டுகளை வைத்து, மேலேயும் வைத்து மூடுகிறார்கள். சின்ன எலும்புகள் மூன்றும், அதாவது சுத்தி, பட்டடை, அங்கவடி மூன்றும் அசைகிறதா என்று அப்போதே தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அசைந்தது. அசையாமலோ அரித்துப்போயோ இருந்தால் அதற்கும் சேர்த்து வேலை செய்ய வேண்டியிருக்கும், பலனும் மாறும்.

மைக்ராஸ்கோப்பா எண்டோஸ்கோப்பா என்று கேட்டு எனக்கே சில பேர் மெசேஜ் போட்டிருந்தார்கள். எனக்குச் செய்தது மைக்ராஸ்கோப், பின்னால் தையல் உண்டு, தழும்பு முடி மறைவில் இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. எண்டோஸ்கோப்பில் காதுக் குழாய் வழியாகவே போகலாம், மூலை முடுக்கு நன்றாகத் தெரியும், பின்பக்கம் வெட்டுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆனால் ஒரு கை கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பதால் ஒரே கையால் வேலை செய்ய வேண்டும். சர்ஜனுக்கு எது கை பழக்கமோ அதில் செய்துகொள்வது நல்லது. கேமராவுக்காகத் தனியாக இருபதாயிரம் கொடுக்க வேண்டும் என்றால் நான் கொடுக்க மாட்டேன்.

இந்த ஓட்டையை அடைக்கிற ஆசை மிகப் பழையது. 1640-லேயே ஜெர்மனியில் மார்கஸ் பான்ட்சர் என்பவர் தந்தத்தில் செய்த சின்னக் குழாயின் நுனியில் பன்றியின் சிறுநீர்ப்பையைக் கட்டிக் காதுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார். 1850-களில் லண்டனில் டாயின்பீ ரப்பர் தட்டை வெள்ளிக் கம்பியில் மாட்டி வைத்தார். இன்றைய முறைக்கு அடித்தளம் போட்டவர்கள் 1950-களின் தொடக்கத்தில் வுல்ஸ்டைன், ட்சோல்னர் என்ற இரண்டு ஜெர்மன் டாக்டர்கள். முதலில் தோலைத்தான் ஒட்டினார்கள், அது சரிவரவில்லை, பிறகுதான் இந்தத் தசை உறைக்கு வந்தார்கள். காதுக்கு முன்னால் இருக்கிற குருத்தெலும்பையும் இப்போது நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள், குறிப்பாக ஓட்டை பெரிதாக இருந்தால் அல்லது முதல் ஆபரேஷன் தோற்றிருந்தால்.

வார்டைப் பற்றி. பாத்ரூம் மோசம், அதை எப்படிச் சொன்னாலும் மோசம்தான், ஐந்துக்கு ஒன்று. தலையில் பெரிய கட்டோடு, லேசாகத் தலைசுற்றலோடு இருக்கிறவன் வழுக்குகிற தரையில் நடந்து போக வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் கையை நீட்டினார், கூட வந்த மைத்துனர் கொடுத்துவிட்டார், எனக்கு இன்னும் எரிச்சல். நர்ஸுகள் சத்தம் போடுவார்கள், ஆனால் ராத்திரி ஊசி நேரம் தவறவில்லை. சாப்பாடு பரவாயில்லை, காலைப் பொங்கல் நன்றாகவே இருந்தது. துணைக்கு ஆள் கட்டாயம் வேண்டும், அவருக்குப் படுக்க இடம் கிடையாது, பாய் கொண்டுபோங்கள்.

செலவு என்று பார்த்தால் ஆபரேஷனுக்கு ஒரு பைசா இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையிலும் கேட்பார்கள், கொண்டுபோய்விடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ரேஷன் கார்டு, வருமானச் சான்று வைத்து எடுக்கலாம். திட்டத்தில் சேர்ந்திருக்கிற தனியார் மருத்துவமனைகளிலும் அதைக் காட்டலாம், ஆனால் காது ஆபரேஷன் அந்த இடத்தில் அந்தத் திட்டத்தின் கீழ் செய்கிறார்களா என்பதை அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு டெஸ்க்கில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. காது முழுக்க அடைத்திருப்பதால் ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கேட்கும், இது யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கனமான பொருள் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது, டாக்டர் சொல்லும் வரை விமானம் கூடாது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் காதில் அழுத்தம் போகும். சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் விடச் சரியான சமயம் என்று டாக்டர்கள் எல்லாருமே சொல்கிறார்கள். எனக்கு எதிர்பாராத ஒன்று நாக்கு: இடது பக்கம் ருசி மாறி, காபி குடித்தால் தகரம் நக்கியது மாதிரி ஒரு உலோகச் சுவை. ருசிக்கான ஒரு மெல்லிய நரம்பு ஜவ்வுக்குப் பின்னாலேயே, சின்ன எலும்புகளுக்கு நடுவே ஓடுகிறது, அதை நகர்த்தி வேலை செய்தால் இப்படி ஆகும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். சில மாதங்களில் எனக்குச் சரியாகிவிட்டது. காதின் மேல்நுனி மரத்துப்போனது மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, கண்ணாடி போடும்போது தெரியும்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஆடியோகிராமில் 30 டெசிபல் இடைவெளி 10 ஆகியிருந்தது. ஜவ்வு மூடியிருக்கிறது, கொஞ்சம் தடிப்பாக, வெள்ளையாக. நடைமுறையில் என்ன மாற்றம் என்றால், போனை இடது காதில் வைத்துப் பேச முடிகிறது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எது என்று பார்த்து உட்கார வேண்டியதில்லை. ஆனால் எனக்குப் பெரிய லாபம் காது காய்ந்திருப்பதுதான். ஐப்பசி மழையில் நனைந்து சளி பிடித்தும் ஒழுகவில்லை. தலையணை உறையில் கறை இல்லை. பக்கத்தில் வந்து பேசுகிறவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்களா என்று பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை, அது மெதுவாகத்தான் போகும் போலிருக்கிறது.

எல்லாருக்கும் ஒட்டும் என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு எண்பதிலிருந்து தொண்ணூறு, தொண்ணூற்றைந்து வரை ஒட்டுகிறது என்று மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாகப் பார்க்கலாம், அதாவது பத்துப் பேரில் ஒருவருக்கு, சில இடங்களில் இரண்டு பேருக்கு, மறுபடி செய்ய வேண்டியிருக்கலாம். அபூர்வமாக முகநரம்பு பாதிப்பு, கேட்கும் திறனே போய்விடுவது என்பதும் சம்மதப் படிவத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு காதிலும் ஓட்டை இருந்தால் ஒன்று முடித்து ஆறிய பிறகுதான் அடுத்தது, பெரும்பாலும் அதிகம் மந்தமான காதில்தான் முதலில் கை வைப்பார்கள். ரொம்பச் சின்ன ஓட்டை என்றால் விளிம்பில் மருந்து தொட்டுக் காகிதம் மாதிரி ஒரு ஒட்டு வைத்தே மூடப் பார்ப்பதும் உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள். ஆபரேஷனே வேண்டாம், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறேன், தேவைப்பட்டால் காது மிஷின் வைத்துக்கொள்கிறேன் என்று சேஃப் வகைக்காரர்கள் முடிவு செய்தால் அதுவும் மதிக்க வேண்டிய முடிவுதான். வயதானவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் இதைத் தீவிரமாக யோசிக்கலாம்.

மறு பரிசோதனைக்கு உங்கள் யூனிட்டின் (உங்களைப் பார்க்கிற டாக்டர் குழுவின்) ஓ.பி. நாளில்தான் போக வேண்டும், வேறு நாளில் போனால் ஆபரேஷன் செய்தவர் இருக்க மாட்டார், புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டிவரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் யூனிட் எண் இருக்கும். பழைய ஆடியோகிராமை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் ஒன்று வையுங்கள், என்னுடைய ஒரிஜினல் கேஸ் ஷீட்டோடு ரெக்கார்டு அறைக்குப் போய்விட்டது, திரும்ப வாங்க அரை நாள் ஆனது.